பழைய ஸ்போர்ட்ஸ் காரும் பந்தய விபத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் எஞ்சினையும் விலையையும் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். பிரேக்கைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. இந்தக் கார்களில் பெரும்பாலானவை பிறந்த 1950-களும் 1960-களும் மோட்டார் பந்தயத்தில் சாவு வாடிக்கையாக நிகழ்ந்த ஆண்டுகள். காரின் பழமையைச் சிதையாமல் காப்பாற்றும் ஒவ்வோர் உரிமையாளரும் அந்தக் காலத்து ஆபத்தையும் கூடவே காப்பாற்றி வைக்கிறார் என்பதை மனத்தில் கொண்டு கீழ்க்கண்ட விடைகள் எழுதப்பட்டுள்ளன.

'விண்டேஜ்' என்று எந்தக் காரைச் சொல்லலாம்?

இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. பிரிட்டனில் கறாராகப் பேசுபவர்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களை மட்டுமே அப்படி அழைப்பார்கள். இந்தியாவின் மோட்டார் வாகன விதிகளோ 50 ஆண்டுகளைக் கடந்த, உருமாறாத தனியார் வாகனங்களை அந்த வகையில் சேர்க்கின்றன. பேச்சு வழக்கில் 1970-களின் போர்ஷேயையும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். இங்கே அந்தப் பரந்த பொருளே கொள்ளப்பட்டுள்ளது.

1955-ஆம் ஆண்டு லே மான் விபத்தைப் பற்றி இன்றும் ஏன் பேசுகிறார்கள்?

மோட்டார் பந்தய வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த விபத்து அது என்பது ஒரு காரணம். பழைய கார்களில் இன்றும் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் குறைகளும் அந்தச் சில நொடிகளில் ஒன்றாக வெளிப்பட்டன என்பது இன்னொரு காரணம்.

1955 ஜூன் 11, சனிக்கிழமை மாலை ஆறரை மணியை நெருங்கும் நேரம். பிரான்சின் லே மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கி இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. கார்கள் பெட்ரோல் நிரப்ப வந்து நிற்கும் பிட் வரிசைக்கும் ஓடுதளத்துக்கும் நடுவில் அங்கே சுவரும் இல்லை, தனிப்பாதையும் இல்லை. முழு வேகத்தில் கார்கள் போகும் அதே சாலையின் ஓரத்தில்தான் நிறுத்த வேண்டும். ஜாகுவார் டி-டைப் காரில் வந்த மைக் ஹாத்தோர்ன், லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின்-ஹீலியை முந்திச் சென்ற கையோடு, பிட்டுக்குள் நுழைவதற்காக வலப்புறம் ஒதுங்கிப் பிரேக் போட்டார். ஜாகுவாரின் டிஸ்க் பிரேக்குகள் அந்தக் காலத்துக்கு அசாத்தியமான வேகத்தில் காரை நிறுத்தக்கூடியவை. பின்னால் வந்த மேக்லின் மோதலைத் தவிர்க்க இடப்புறம் ஒடித்தார். அந்த இடப்புறத்தில்தான் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் பியர் லெவே தம் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் வந்துகொண்டிருந்தார்.

ஆஸ்டின்-ஹீலியின் பின்பகுதி சரிவாகத் தாழ்ந்து இறங்குவது. மெர்சிடிஸின் முன்சக்கரம் அதன்மேல் ஏற, அது ஒரு சாய்தளம் போலாகிக் காரை வானில் எறிந்தது. பார்வையாளர்களுக்கும் தடத்துக்கும் நடுவே இருந்த மண்கரையில் மோதிக் கார் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பானெட்டும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் உயிரிழந்தனர். எடை குறைய வேண்டும் என்பதற்காக அந்தக் காரின் உடலை மக்னீசியக் கலவை உலோகத்தில் செய்திருந்தார்கள். மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வெளியேறி இன்னும் மூர்க்கமாக எரியும். ஓடி வந்தவர்கள் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள்.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியேறினால் ஆம்புலன்ஸ்கள் செல்லும் சாலைகள் அடைபட்டுவிடும் என்று அமைப்பாளர்கள் காரணம் சொன்னார்கள். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் அணி நள்ளிரவுக்குப் பிறகு தன் கார்களை விலக்கிக்கொண்டது. ஹாத்தோர்னும் ஐவர் பியூபும் வென்றனர். விசாரணை எந்த ஓட்டுநர் மீதும் குற்றம் சுமத்தவில்லை. 1923-இல் மெதுவான கார்களுக்காக அமைந்த தடம் 1955-இன் வேகத்தைத் தாங்காது என்பதே அதன் சாரம். அந்த ஆண்டு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்விஸ், ஸ்பானியக் கிராண்ட் பிரீ பந்தயங்கள் ரத்தாயின. சுவிட்சர்லாந்து தடப் பந்தயத்தையே தடை செய்தது. 2018-இல் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ பந்தயம் சூரிச்சில் நடக்கும் வரை அங்கே அந்தச் சத்தமே கேட்கவில்லை என்று சொல்லலாம்.

அன்று லெவேக்கு அடுத்து அதே காரை ஓட்டக் காத்திருந்தவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். அவர் பிற்காலத்தில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்து மோதலின் வேகத்தை உறிஞ்சும் தடுப்பை உருவாக்கினார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாதை பிரியும் இடங்களில் நிற்கும் மஞ்சள் பீப்பாய்கள் அவருடையவை.

விபத்தில் சிக்கிய காரை யாராவது விரும்பி வாங்குவார்களா?

வாங்குகிறார்கள், அதுவும் பெரும் விலை கொடுத்து. மேக்லின் ஓட்டிய அதே ஆஸ்டின்-ஹீலி, பிரெஞ்சு அதிகாரிகளின் பிடியில் மாதக்கணக்கில் இருந்து, விடுபட்டு, பழுது பார்க்கப்பட்டு, கை மாறி, 2011 டிசம்பரில் பிரிட்டனில் ஏலத்துக்கு வந்தது. பொலிவிழந்த நிலையிலேயே 8,43,000 பவுண்டுக்கு விற்றது. அந்தக் கறுப்பு மாலையில் அது அங்கே இருந்திராவிட்டால் அந்த விலையில் பாதியாவது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. கேட்பதற்குச் சங்கடமான உண்மைதான். ஆனால் இந்தச் சந்தையில் வரலாற்றுக்கு விலை உண்டு, அது எப்படிப்பட்ட வரலாறு என்ற வேறுபாட்டைச் சந்தை அதிகம் பார்ப்பதில்லை.

மறைமுகமான இன்னொரு கண்ணியும் உண்டு. 300 எஸ்.எல்.ஆர். காருக்குக் கூரை போட்ட வடிவமாக, பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட்டின் பெயரால் வழங்கும் கூபே கார்கள் இரண்டே இரண்டு செய்யப்பட்டன. 1955-இன் இறுதியில் மெர்சிடிஸ் பந்தயத்திலிருந்து விலகியதால் அவை போட்டியில் இறங்கவே இல்லை. அவற்றில் ஒன்று 2022 மே மாதத்தில் ஸ்டுட்கார்ட்டில் உள்ள அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது.

வாங்குபவருக்கு ஒரு சொல்: பந்தயம் ஓடிய கார் ஒருபோதும் மோதியதில்லை என்று விற்பவர் சத்தியம் செய்தால்தான் ஐயப்பட வேண்டும். எங்கே மோதியது, எந்தப் பகுதி நெளிந்தது, யார் நிமிர்த்தினார்கள், அதற்குப் படமும் பில்லும் உண்டா என்று கேளுங்கள். மோதிச் சரியாகச் சீரமைக்கப்பட்ட சேசிஸைவிட (காரின் அடிச்சட்டத்தைவிட), மோதி மறைக்கப்பட்ட சேசிஸ்தான் ஆபத்தானது.

எல்லாப் பாகமும் மாறிவிட்ட பிறகும் அது அதே கார்தானா?

இந்தக் கேள்வி லண்டன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் 1929-இலும் 1930-இலும் லே மான் பந்தயத்தை வென்றது. பிறகு அதற்கு 8 லிட்டர் எஞ்சின் பொருத்தினார்கள். 1932-இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் அது சரிவான வளைவின் விளிம்பைத் தாண்டிப் பறந்து விழுந்ததில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்தார். மீண்டும் வேறு உடலோடு கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து 1 கோடி பவுண்டுக்கு விற்பனை பேசப்பட்டபோது, இது உண்மையான கார் அல்ல என்று வாங்கியவர் மறுத்தார். 1929-இல் ஓடிய காரின் பாகங்கள் என்று சொல்ல அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் காரின் வாழ்வு ஒருமுறைகூட அறுபடவில்லை, ஒவ்வொரு மாற்றமும் முந்தைய காரின் மேலேயே நிகழ்ந்தது, அந்தப் பெயருக்குப் போட்டியாக வேறொரு காரும் இல்லை. ஆகவே இதுவே 'ஓல்டு நம்பர் ஒன்' என்று 1990-இல் தீர்ப்பளித்தார்.

நமக்கு இது புதிய தத்துவம் அல்ல. கோயில் தேரின் சக்கரமும் அச்சும் மரமும் தலைமுறைக்கொரு முறை மாறினாலும் அது அதே தேர்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். அதனால் தேரின் பெருமை குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. பழைய காருக்குப் புதிய பிரேக் குழாய் போட்டால் 'அசல்தன்மை' போய்விடும் என்று கலங்குபவர்களுக்கு அதைத்தான் நினைவூட்டத் தோன்றுகிறது.

துபாயில் நடிகர் அஜித் குமாரின் கார் மோதியும் அவர் காயமின்றி நடந்து வந்தாரே. பழைய காரிலும் அப்படித் தப்ப முடியுமா?

2025 ஜனவரியில் துபாய் தடத்தில் பயிற்சியின்போது அவர் ஓட்டிய போர்ஷே, தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. அது 911 குடும்பத்தைச் சேர்ந்த இன்றைய பந்தயக் கார். உள்ளே எஃகுக் குழாய்க் கூண்டு, உடலை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இருக்கை, ஆறு முனைப் பெல்ட், தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் 'ஹான்ஸ்' கருவி, கிழியாத பெட்ரோல் பை ஆகிய அனைத்தும் இருக்கும். 1965-ஆம் ஆண்டு 911-இல் இவற்றில் ஒன்றும் கிடையாது. பெயர்தான் ஒன்று.

ஹான்ஸ் கருவியின் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. பெல்ட் மார்பைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. தலையோ கவசத்தின் எடையோடு முன்னால் பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைவது இப்படித்தான். 2001 பிப்ரவரியில் டேட்டோனா தடத்தில் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகே அமெரிக்கப் பந்தய உலகம் இதற்கு விழித்துக்கொண்டது. ஃபார்முலா ஒன் 2003 முதல் அதைக் கட்டாயமாக்கியது.

அந்தக் காலத்து ஓட்டுநர்கள் சீட் பெல்ட் போடாமல் ஓட்டியது வீம்பினாலா?

இல்லை, கணக்குப் போட்டுத்தான். திறந்த காரில் தலைக்கு மேலே எதுவும் இல்லை, மடிக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். கார் கவிழ்ந்தால் பெல்ட் உங்களைத் தலைகீழாகப் பிடித்து வைக்கும். தீப்பிடித்தால் உள்ளேயே வைத்திருக்கும். தூக்கி எறியப்பட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். அந்தக் கார்களைப் பொறுத்தவரை அது முழுப் பைத்தியக்காரத்தனம் அல்ல.

1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் முதல் சுற்றிலேயே மழையில் சறுக்கிய ஜாக்கி ஸ்டூவர்ட், நெளிந்த காருக்குள் மேலெல்லாம் பெட்ரோல் நனைந்த நிலையில் சுமார் 25 நிமிடம் மாட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் அவரை வெளியே எடுக்க முடியும். கழற்ற ஸ்பேனர் இல்லை. உடன் ஓடிய கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கித்தான் அவரை மீட்டார்கள். அதன் பிறகு தம் ஸ்டியரிங்கில் ஒரு ஸ்பேனரை டேப்பால் ஒட்டி வைத்துக்கொண்டே அவர் ஓட்டினார். தடங்களின் பாதுகாப்புக்காக அவர் தொடங்கிய போராட்டத்தின் வேர் அந்த விபத்தில் இருக்கிறது.

அரைகுறையாகப் போட்ட பெல்ட்டும் கொல்லும். 1970-இல் இத்தாலியின் மான்சா தடத்தில் பந்தய ஓட்டுநர் யோகன் ரிண்ட் தொடைக்கு நடுவே வரும் பட்டைகளைப் போடாமல் ஓட்டினார். மோதியபோது உடல் கீழே வழுக்கிப் போக, பெல்ட்டே கழுத்துக்குக் கூற்றாயிற்று.

தீ விபத்துக்கு உரிமையாளர் என்ன செய்யலாம்?

பழைய கார்களின் குறைகளில் மிகக் கொடியதும் இதுதான், இன்று எளிதாகக் குறைக்கக்கூடியதும் இதுதான். 1967-இல் மொனாக்கோவில் லோரென்சோ பாண்டினியின் ஃபெராரி கவிழ்ந்து எரிந்தபோது, தடுப்பாக அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளே தீக்கு இரையிட்டன. 1973-இல் நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் ராஜர் வில்லியம்சன் கவிழ்ந்த காருக்குள் உயிரோடு இருந்தார்; டேவிட் பர்லி தம் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து தனியாளாக அதைப் புரட்டப் போராடினார். தீத்தடுப்பு உடை அணியாத தடப் பணியாளர்களால் நெருங்க முடியவில்லை.

சாலைக் காருக்கு இந்த வரிசையில் வேலை பாருங்கள். முதலில் எரிபொருள் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஊறி, வெடித்து, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் கசியும். கீழே சூடான எக்சாஸ்ட் இருக்கும். இரண்டாவது, பாட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கும் மாஸ்டர் ஸ்விட்ச். மூன்றாவது, ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இறுகப் பிணைத்த தீயணைப்பான். டிக்கியில் கிடக்கும் தீயணைப்பான் யாருக்கும் உதவாது. பந்தயத்துக்குப் போகும் காரில் பழைய டேங்கின் உள்ளே ரப்பர்ப் பை வைத்த பாதுகாப்பு டேங்க் வேண்டும். அந்தப் பைக்கும் ஐந்து ஆண்டு ஆயுள்தான். செய்தவரிடம் சோதித்துச் சான்று பெற்றால் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும்போது பிடி எங்கே நழுவுகிறது?

பெரும்பாலும் வளைவின் நடுவில், ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் அந்த நொடியில். இன்றைய காரில் அது தற்காப்பு. பின்புறம் எஞ்சின் கொண்ட ஆரம்பகால 911-இல் அதுவே காரின் வாலைச் சுழற்றிவிடும். போர்ஷே நிறுவனமே இதை உணர்ந்து, ஆரம்பகாலக் கார்கள் சிலவற்றின் முன் பம்பர் மூலைகளில் வார்ப்பிரும்புக் கட்டிகளை மறைத்து வைத்தது. 1969-ஆம் ஆண்டு மாடலில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை 57 மில்லிமீட்டர் கூட்டியது. இறக்கை போல் மேலே திறக்கும் கதவுகள் கொண்ட மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் பின் அச்சு, எடை குறைந்ததும் சக்கரத்தை உள்ளே மடிக்கும். கதவைப் பார்த்து வாங்கியவர்கள் அச்சைப் பற்றி வளைவில்தான் தெரிந்துகொண்டார்கள்.

பிரேக் இன்னொரு உலகம். 1960-களின் பிற்பகுதி வரை பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்றுதான். எங்கோ ஒரு குழாய் கிழிந்தால் நான்கும் ஒன்றாகப் போய்விடும். மிதி தரையைத் தொடும். டிரம் பிரேக்குகள் மலைப்பாதை இறக்கத்தில் சூடேறித் தளரும். ஊட்டியிலிருந்து இறங்கிய எவருக்கும் அந்த வாடை தெரிந்திருக்கும்.

டயரின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் மாற்ற வேண்டுமா?

வேண்டும். ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் காரின் டயர் தேயாது, கெட்டிப்படும். 2013-இல் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில், காரின் அதிவேகத்தோடு டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதைக் கொண்டு தோட்டத்தில் ஊஞ்சல் கட்டலாம்.

'கிராக் டெஸ்ட்' என்பது என்ன, அதற்குச் செலவிடத்தான் வேண்டுமா?

உலோகமும் களைத்துப் போகும். ஐம்பது ஆண்டு குலுங்கிய ஸ்டியரிங் கை, சக்கரம் மாட்டும் அச்சு முனை, மக்னீசியச் சக்கரம் ஆகியவற்றில் தலைமுடியைவிட மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம். பட்டறையில் அதைக் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. பாகத்தைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடரைத் தூவுவார்கள். நல்ல உலோகம் வெள்ளையாகவே நிற்கும். விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்திருந்த சாயம் மெல்ல மேலேறி, சுண்ணாம்புச் சுவரில் சிவப்புப் பேனாவால் கீறியது போல ஒரு கோடு தோன்றும். அந்தக் கோட்டை ஒருமுறை நேரில் பார்த்தவர் செலவைப் பற்றிப் பேச மாட்டார். பாகங்களைக் கழற்றும் கூலிதான் பெரிது. மற்ற வேலைக்காகக் கழற்றும்போதே சேர்த்துச் செய்துவிடுவது சிக்கனம்.

ரோல் பாரும் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் எஃகு வளைவு) பெல்ட்டும் போட்டால் காரின் மதிப்பு குறையாதா?

துளையிட்டு வெல்டிங் செய்தால் குறையும்; போல்ட்டால் பொருத்தித் திரும்பக் கழற்றும்படி செய்தால் பெரும்பாலும் குறையாது. ஆனால் இரண்டையும் தனித்தனியாக நினைக்கக் கூடாது. ரோல் பார் இல்லாத திறந்த காரில் தோள் பெல்ட் மட்டும் போட்டால், கவிழும்போது உங்கள் தலையே ரோல் பார் ஆகிவிடும். அதேபோல், சாலையில் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டும் காருக்கு முழுக் கூண்டு போடுவதும் தவறு; சிறு மோதலிலும் மண்டை எஃகுக் குழாயில் இடிக்கும். என் கருத்தில், சாலைக்கு மட்டும் வைத்திருக்கும் மூடிய காருக்கு மூன்று முனைப் பெல்ட்டும் நல்ல டயரும் போதும். பந்தயத்துக்கு என்றால் அரைவேக்காடு வேண்டாம், முழுமையாகச் செய்யுங்கள்.

பழைய கார்களுக்கென்றே பந்தயங்கள் நடக்கின்றனவாமே, அவை மெதுவானவையா?

இங்கிலாந்தில் 1998 முதல் நடக்கும் குட்வுட் ரிவைவல், 2002-இல் தொடங்கிய லே மான் கிளாசிக், மொனாக்கோவின் பழைய கிராண்ட் பிரீ ஆகியவை பெயர் பெற்றவை. மெதுவானவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குட்வுட் தடம் 1962-இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸை ஒரு மாத நினைவிழப்பில் தள்ளி, அவருடைய தொழில்முறைப் பந்தய வாழ்வை முடித்த இடம். பழைய கார்களின் பந்தயங்களிலும் ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். ஆறே ஆறு செய்யப்பட்ட ஷெல்பி டேட்டோனா கூபே கார்களில் ஒன்று 2012-இல் கலிஃபோர்னியாவின் லகுனா செக்காவில் மோதி நொறுங்கியது; ஓட்டிய உரிமையாளர் பிழைத்தார்.

சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. இவற்றுக்கென 'பின்னிணைப்பு கே' என்ற விதித்தொகுப்பையும், காரின் ஒவ்வொரு பாகமும் அந்தக் காலத்தோடு பொருந்துகிறதா என்று சொல்லும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டையும் வைத்திருக்கிறது. காலத்துக்கு ஒவ்வாத சக்தி கூடாது, காலத்தை மீறிய பாதுகாப்பு கூடும் என்பதே அதன் நோக்கு.

மில்லே மில்யா இன்றும் பந்தயம்தானே?

அல்ல. இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடிய அந்தப் பந்தயம் 1957-உடன் முடிந்தது. மே 12 அன்று, முடிவிடத்துக்குச் சற்றே தொலைவில் உள்ள கிடிட்சோலோவில், அல்ஃபோன்சோ டி போர்தாகோவின் ஃபெராரி டயர் வெடித்துப் பாய்ந்ததில் அவரும், உடன் சென்றவரும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். என்சோ ஃபெராரி மீது தொடரப்பட்ட வழக்கு 1961 வரை இழுத்து, அவர் விடுவிக்கப்பட்டார். 1977-இல் மீண்டும் தொடங்கியது வேகப் போட்டி அல்ல, குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தைக் கடக்கும் ஒழுங்குப் போட்டி. ஆனால் சாலையில் மற்ற வண்டிகளும் இருக்கும். பந்தயத் தடத்தில் பிழைத்த ஹாத்தோர்ன், 1958-இல் உலகச் சாம்பியனாகி ஓய்வை அறிவித்து, சில மாதங்களிலேயே 1959 ஜனவரியில் இங்கிலாந்தின் சாதாரணச் சாலை ஒன்றில் தம் ஜாகுவாரில் மோதி இறந்தார்.

காப்பீடு எப்படி எடுப்பது?

சாதாரண பாலிசி தேய்மானம் கழித்த விலையைத்தான் தரும். முன்கூட்டியே மதிப்பீட்டாளர் அறிக்கையோடு தொகையை ஒப்புக்கொள்ளும் பாலிசி கிடைக்குமா என்று பாருங்கள். இந்தியத் தனியார் கார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றோடு 'நம்பகத்தன்மைச் சோதனை' ஓட்டமும் விலக்கப்பட்டிருக்கும். ராலி என்ற பெயரில் நடக்கும் நிகழ்ச்சி எந்த வகையில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இப்படியொரு காரைப் பதிவு செய்து ஓட்டலாமா?

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

வேகம் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கான இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை அல்ல. சென்னைக்கு அருகே, போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் முறையான தடங்கள் உள்ளன. அங்கே ஆம்புலன்ஸ் நிற்கும், எதிரே லாரி வராது.

இவ்வளவு ஆபத்து என்றால், ஓட்டாமல் கொட்டகையில் வைத்துவிடுவது நல்லதல்லவா?

நிற்கும் காரும் கெடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சிலிண்டர் துருப்பிடிக்கும், சீல்கள் காய்ந்து சுருங்கும். இரண்டாண்டு நின்ற காரை நேராக நெடுஞ்சாலைக்கு எடுப்பது, ஓடிக்கொண்டே இருக்கும் காரைப் பந்தயத்துக்கு எடுப்பதைவிடப் பல வேளைகளில் ஆபத்தானது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை எஞ்சின் முழுச் சூடு ஏறும் அளவுக்கு ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கிளப்புமுன் பிரேக் மிதியைப் பலமாக அழுத்தி, ஒரு நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். மிதி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அன்றைக்குக் கார் கொட்டகையைவிட்டு வெளியே வரக் கூடாது.